எலி மருந்தா, உயிர் மருந்தா? வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோர் கவனத்திற்கு



இருதய நோய்க்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்களின் வீட்டில் அடிக்கடி ஒரு பேச்சு எழுவதுண்டு. "உங்க அப்பாவுக்கு அங்கே கொடுக்கிறது எலி மருந்தாமே! தோட்டத்திலே எலிக்கு வைப்போமே, அதே சாமானாம்!" என்று யாராவது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னவர் போய்விடுவார். கேட்டவர் மனத்தில் பயம் குடியேறிவிடும். அன்று இரவே மாத்திரைப் பை அலமாரியின் மூலைக்குப் போய்விடும். வீட்டில் உள்ளவர்களும், "நல்லாத்தானே இருக்கார்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறிக் கிடப்பதைப் பார்த்துத்தான் பதறியடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

இந்த மாதம் அந்த மாத்திரையைப் பற்றியே பேசுவோம். அதன் பெயர் வார்ஃபரின். மலாய்க்காரர்கள் 'உபாட் சாயிர் டாரா' என்பார்கள். நம்மவர்கள் 'இரத்தம் நீர்க்கிற மாத்திரை' என்பார்கள். உண்மையில் அது இரத்தத்தைத் தண்ணீர்போல் ஆக்குவதில்லை. இரத்தம் கட்டியாக உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சில் உண்மை உண்டா?

உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

1920-ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கொட்டி இறந்தன. சிறு காயம் பட்டாலும், கொம்பு அறுத்தாலும் இரத்தம் நிற்கவில்லை. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் புல் ஈரத்தில் கெட்டுப் பூஞ்சணம் பிடித்த பிறகு அதைத் தின்ற மாடுகளுக்கே இந்நிலை என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்த பசுவையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து, கெட்டுப்போன புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்ததே வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்குரிய மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. 1955-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது.

நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் எலிகளைக் கொல்ல வார்ஃபரின் வைக்கப்பட்டது உண்மையே. பழைய தொழிலாளர்கள் பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். நாளடைவில் எலிகள் அதற்குப் பழகிப்போனதால் வேறு வீரியமான மருந்துகளும், எலி பிடிக்கும் கூண்டு ஆந்தைகளும் தோட்டங்களுக்கு வந்தன.

வார்ஃபரின் வைத்த எலி ஒரு வேளை தின்றதும் சாவதில்லை. தன் உடம்பின் எடைக்கு மிக அதிகமான மருந்தை நாள்தோறும் தின்று, பல நாளுக்குப் பிறகு உள்ளே இரத்தம் கசிந்து சாகிறது. எலிக்கு அளவு பார்ப்பவர் யாரும் இல்லை. உங்கள் தந்தையாருக்கோ டாக்டர் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள் பெரியோர். அளவோடு நிற்கும்போது நஞ்சும் அமிர்தமாகும் என்பதற்கு வார்ஃபரினே சாட்சி. ஆகவே இம்மாத்திரையைச் சாப்பிடுகிறவர் மனத்தில் பதிக்க வேண்டிய சொல் ஒன்றுதான்: அளவு. குறைந்தால் இரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் இரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவே நடப்பது எப்படி என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

யாருக்குக் கொடுக்கிறார்கள்?

இருதயத்தில் உலோகத்தால் ஆன செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு இது வாழ்நாள் மருந்து. உலோகத்தின்மேல் இரத்தம் படிந்து கட்டியானால் வால்வு திறந்து மூடாமல் நின்றுவிடும். அதனால் உயிரே போகலாம்.

இருதயம் ஒழுங்கு தப்பித் துடிக்கிறவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. அப்படித் துடிக்கும்போது இருதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி ஓடிப்போய் மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்களுக்கும் கொடுப்பார்கள். இவர்களில் சிலருக்குச் சில மாதங்கள் போதும். எத்தனை காலம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "கால் வீக்கம் வற்றிவிட்டது, இனி எதற்கு?" என்று நாமே நிறுத்தக் கூடாது.

ஐ.என்.ஆர். என்னும் எண்

நம்முடைய ஈரல், வைட்டமின் கே என்ற சத்தைக் கொண்டு இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்கிறது. வார்ஃபரின் அந்த வேலையைக் குறைக்கிறது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் காட்டுவதே ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை.

மருந்து சாப்பிடாத ஆளுக்கு இந்த எண் ஏறத்தாழ 1 இருக்கும். வார்ஃபரின் சாப்பிடும் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வகை உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். உங்களுக்குரிய எண் எது என்பதைக் கேட்டு, கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எண் 1.4 என்றால் வேலி தாழ்ந்திருக்கிறது, கட்டி உண்டாகலாம். எண் 5, 6 என்று ஏறினால் இரத்தம் கசியும் அபாயம். அப்போது டாக்டர் மாத்திரையை நிறுத்தி வைப்பார். தேவைப்பட்டால் வைட்டமின் கே கொடுத்து இறக்குவார். மாற்று மருந்து கையில் இருக்கிறது என்பதால் பீதி வேண்டாம். ஆனால் சோதனைக்குப் போனால்தானே எண் தெரியும்?

மருந்து தொடங்கும்போது சில நாளுக்கு ஒரு முறை, பிறகு வாரத்துக்கு ஒரு முறை, நிலைப்பட்ட பிறகு மாதத்துக்கு ஒரு முறை அல்லது இன்னும் சற்று இடைவெளி விட்டுச் சோதிப்பார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் இச்சோதனையைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியுமானால் அங்கே மாற்றித் தரச் சொல்லலாம். எது எப்படியானாலும், "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். எண் 1.4 ஆனாலும் 6 ஆனாலும் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது.

மாத்திரை எடுக்கும் முறை

தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மாலை 6 மணி அல்லது இரவுச் சாப்பாட்டு நேரம் நல்லது. காலையில் இரத்தம் எடுத்து, அளவை மாற்ற வேண்டுமானால் அன்று மாலையே மாற்ற அது வசதி.

வார்ஃபரின் மாத்திரைகள் 1, 2, 3, 5 மில்லிகிராம் என்று பல அளவில் உண்டு. அளவுக்கு ஒரு நிறம் இருக்கும். ஆனால் தயாரிக்கும் கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். எனவே "இரண்டு மாத்திரை" என்று மனத்தில் வைக்காமல், "இத்தனை மில்லிகிராம்" என்று வையுங்கள். 1 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டுப் பழகியவர், அடுத்த முறை 3 மில்லிகிராம் மாத்திரை கிடைத்து அதிலும் இரண்டு போட்டால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பையில் நிறம் மாறியிருந்தால் மருந்துக் கூடத்தை விட்டு நகருமுன் கேட்டுவிடுங்கள்.

சிலருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஓர் அளவும், இரண்டு நாள் வேறு அளவும் எழுதித் தருவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில் மகனோ மகளோ அந்தந்தத் தேதியில் அளவை எழுதி வைக்கட்டும். மாத்திரை போட்டதும் பேனாவால் ஒரு கோடு. கோடு இருந்தால் போட்டாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது விளங்கும்.

மறந்துவிட்டால்? அன்றைக்கே, படுக்கப் போகுமுன் நினைவு வந்தால் அப்போது போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் போனது போனதே. அன்றைய அளவை மட்டும் போடுங்கள். இரண்டு நாள் மருந்தைச் சேர்த்துப் போடக் கூடாது. இன்று போடும் மாத்திரையின் பலன் இரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாளாகும். ஆகவே சேர்த்துப் போடுவதால் நேற்றைய குறை தீராது. தவறிய நாளைக் கையேட்டில் குறித்து, அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரே என்று மறைத்தால், எண் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் அவர் மருந்தைக் கூட்டிவிடுவார். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் தவறிவிட்டாலும், கவனமின்றி இரட்டை அளவு போட்டுவிட்டாலும் உடனே கிளினிக்கைக் கேளுங்கள்.

கீரை சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதிலும் அளவு வேண்டும்.

முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கங்கோங், சாயூர் மானிஸ், கைலான் போன்ற பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய உண்டு. அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். இதைக் கேள்விப்பட்டு, "கீரையே ஆகாது" என்று சிலர் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வேண்டாத காரியம். உங்கள் வழக்கமான சாப்பாட்டுக்கு ஏற்பத்தான் டாக்டர் மருந்தின் அளவைப் பொருத்தியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் கீரை என்றால் எப்போதும் மூன்று நாள் கீரை. ஒரு மாதம் கீரையே இல்லாமல், மறு மாதம் கொல்லையில் முருங்கை தழைத்தது என்று தினமும் கீரை என்றால் எண் ஏறி இறங்கும்.

புரட்டாசி மாதம், கந்த சஷ்டி, தைப்பூச விரதம் என்று மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறும்போதும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விரதம் இருப்பதைத் தடுக்கவில்லை. தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லி, இடையில் ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொண்டால் போதும். டின்னில் விற்கும் ஊட்டச்சத்துப் பால் மாவிலும் வைட்டமின் கே சேர்க்கப்படுவதுண்டு. புதிதாகத் தொடங்கினால் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் எண் ஏறிவிடும். அப்போதும் சோதனைக்குப் போக வேண்டும்.

சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, இஞ்சிக்கு அஞ்ச வேண்டாம். அவற்றையே சாறெடுத்துக் குப்பியில் அடைத்து விற்கும் மாத்திரைகள் வேறு. அவற்றைக் கேளாமல் தொடாதீர்கள். கள்ளும் சம்சுவும் பீரும் ஈரலின் வேலையைக் குழப்பும். போதை தலைக்கேறினால் கீழே விழுந்து அடிபடவும் வைக்கும். வார்ஃபரினும் குடியும் ஒத்துப்போகாது.

மற்ற மருந்துகள்: இங்கேதான் ஆபத்து

ஓர் உதாரணம் சொல்கிறேன். வால்வு மாற்றிய ஒருவர் ஒழுங்காக வார்ஃபரின் சாப்பிடுகிறார். குலை வெட்டிய களைப்பில் முதுகு வலி. கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்குகிறார். இரவில் மனைவி சூடு பறக்கத் தைலம் தேய்க்கிறார். இருமலும் சேர்ந்ததால் டவுனில் வேறொரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்குகிறார். வார்ஃபரின் சாப்பிடுவதை மூன்று இடத்திலும் அவர் சொல்லவில்லை. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாதாரண காரியங்கள். ஒன்று சேர்ந்தால், ஒரே வாரத்தில் கறுப்பு மலம் போகும் நிலைக்குக் கொண்டுவிடும்.

ஆஸ்பிரின், பொன்ஸ்டன், வோல்டரன், புருஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றுக்குள் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். இவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. (சில இருதய நோயாளிகளுக்கு டாக்டரே வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் எழுதியிருப்பார். அதை நிறுத்த வேண்டாம்.) தலைவலி, காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல், அதாவது பனடோல், பொருத்தமானது. அதையும் நாள்தோறும், பல நாள் தொடர்ந்து போட்டால் எண் ஏறும். ஆகவே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மூட்டு வலிக்குத் தேய்க்கும் காரமான தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இருப்பதுண்டு. அது ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியாக உள்ளே போய் எண்ணை ஏற்றும். என்றோ ஒரு நாள் நெற்றியில் துளி தடவுவதில் குற்றமில்லை. தினமும் முதுகிலும் காலிலும் தேய்த்துப் படுப்பது தவறு. அழுத்தி உருவிவிடும் 'ஊருட்' வைத்தியமும், இரத்தம் எடுக்கும் 'பெக்காம்' வைத்தியமும் வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்குகள் பலவும் எண்ணை மாற்றும். பேக்ட்ரிம், மெட்ரோனிடசோல், எரித்ரோமைசின் ஆகியவை குறிப்பிடத் தக்கவை. காளான் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளும் அப்படியே. வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட விலக்கல்ல. மாறாக, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் வார்ஃபரினின் பலத்தைக் குறைத்துவிடும். காசநோய் மருந்து முடிந்ததும் எண் தானாக ஏறும். ஆகவே தொடங்கும்போதும் முடியும்போதும் சோதனை தேவை. வலிப்பு மருந்து சாப்பிடுவோரும் இதைச் சொல்ல வேண்டும்.

சீனர் மருந்துக் கடையில் கிடைக்கும் டான்ஷென், டோங் குவாய், ஜின்செங் ஆகியவை வார்ஃபரினோடு மோதும். மாக்ஜூன், ஜாமு என்று பாசார் மாலத்தில் விற்கும் சில உருண்டைகளில் ஸ்டீராய்டு, வலி மருந்து ஆகியவற்றை இரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. "போட்டதும் வலி பறந்துபோச்சு" என்று ஒரு நாட்டு மருந்தைப் புகழக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததைத் தொடவே வேண்டாம். பதிவு எண் இருந்தாலும், வார்ஃபரினோடு ஒத்துப்போகும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல, கேட்டே வாங்குங்கள்.

இத்தனை பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிளினிக், பல் டாக்டர், மருந்துக் கடை, எங்கே போனாலும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது, "சாயா மாக்கான் வார்ஃபரின்." இந்த மூன்று வார்த்தை போதும். கையேட்டையும் நீட்டுங்கள். பல் பிடுங்க வேண்டுமென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்ன செய்வதென்று பல் டாக்டரும் வார்ஃபரின் கொடுக்கும் டாக்டரும் முடிவு செய்வார்கள்.

வேலையிலும் வழிபாட்டிலும்

வெட்டுக் கத்தி, செம்பனை அரிவாள், மட்டை முள் இவற்றோடு பிழைப்பவர்கள் நாம். வார்ஃபரின் சாப்பிடுவோர் கையுறை, பூட்ஸ், தலைக்கவசம் இல்லாமல் வேலைக்கு இறங்கக் கூடாது. உயரத்திலிருந்து குலை விழும் இடத்தைவிட வேறு வேலை கிடைக்குமானால் நல்லது. இதற்காக டாக்டரிடம் கடிதம் கேட்பதில் வெட்கம் இல்லை. எலி மருந்து வைக்கும் வேலையில் இருப்பவர்கள் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லி, வேறு வேலை கேட்பது மேல். இன்றைய எலி மருந்துகள் வார்ஃபரினைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளவை.

தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள், அந்த நேர்த்தியைப் பால்குடமாகவோ குத்தாத காவடியாகவோ மாற்றிச் செலுத்துங்கள். முடி காணிக்கை கொடுக்கும்போது சவரக் கத்தி கீறாமல் இருக்க மெஷின் கேட்கலாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு யாத்திரை போகிறவர்கள், புறப்படுமுன் ஒரு முறை சோதித்துக்கொண்டு, போதிய மாத்திரையைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் மருந்து இருக்கும் இடம் குழந்தைகளுக்கு எட்டாததாக இருக்கட்டும். குழந்தை விழுங்கிவிட்டால், எதுவும் தெரியவில்லையே என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்மார்களுக்கு

வார்ஃபரின் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். முதல் மூன்று மாதத்தில் எலும்பு வளர்ச்சியையும் முகத்தையும் கெடுக்கலாம். ஆகவே இளம் வயதில் வால்வு மாற்றிய பெண்கள், குழந்தை பெற எண்ணும்போதே டாக்டரிடம் பேச வேண்டும். கர்ப்ப காலத்துக்கு வேறு ஏற்பாடு உண்டு. மாதவிலக்குத் தள்ளிப் போனால் உடனே போய்ச் சோதியுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். வால்வு அடைத்துக்கொண்டால் தாய்க்கே ஆபத்து. குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் வார்ஃபரின் சாப்பிடலாம், தடையில்லை. மாதவிலக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போனால் சொல்ல வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், காரணமின்றித் தோலில் கன்றிய நீலத் திட்டுகள் ஆகியவை கண்டால் அன்றோ மறுநாளோ கிளினிக்குக்குப் போங்கள். வெற்றிலை போடும் பாட்டிமாருக்கு எச்சில் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். ஈறில் கசியும் இரத்தம் அதில் மறைந்துவிடும். அவர்கள் காலையில் வெற்றிலை போடுமுன் வாய் கொப்பளித்துப் பார்க்க வேண்டும்.

தார்போல் கறுத்த மலம், மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், இரத்த வாந்தி, அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காத இரத்தம், என்றும் இல்லாத கடுமையான தலைவலி: இவை கண்டால் உடனே ஆஸ்பத்திரி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, குளியலறையில் வழுக்கியோ தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், எழுந்து நடந்தாலும் போயே ஆக வேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன் வேலையைக் காட்டும்.

முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். 999-ஐ அழையுங்கள். வார்ஃபரின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் டிங்கி காய்ச்சலாக இருக்கலாம் என்று எண்ணி உடனே போங்கள். டிங்கி தானே இரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியது. வார்ஃபரினோடு சேர்ந்தால் இரட்டை ஆபத்து.

வெட்டுக் காயத்துக்குக் கோப்பித் தூளோ மஞ்சளோ வைக்காதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மூக்கில் இரத்தம் வந்தால் உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது.

புது மாத்திரைகள் வந்துவிட்டனவே?

ஆம். டாபிகட்ரன், ரிவரோக்சபன், அபிக்சபன் என்று புதிய மருந்துகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டாம், கீரைக் கணக்கும் இல்லை. ஆனால் சிறுநீரகத்தைச் சோதித்து வர வேண்டும். இவற்றின் பலன் ஒரு நாளிலேயே குறைந்துவிடுவதால், ஒரு வேளை மறந்தாலும் பாதுகாப்புப் போய்விடும். டாபிகட்ரன் உறையைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. ரிவரோக்சபன் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

உலோக வால்வு உள்ளவர்களுக்கு இப்புது மருந்துகள் ஆகா. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, இருதயம் ஒழுங்கின்றித் துடிப்பவர்களுக்கும் வார்ஃபரினே மேல். 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், இத்தகைய நோயாளிகளுக்கு ரிவரோக்சபனைவிட வார்ஃபரின் வகை மருந்தே உயிரை நன்றாகக் காத்தது என்று தெரிந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சோதனையில்லாத மாத்திரை சாப்பிடுகிறாரே, நமக்குப் பழைய மருந்தையே கொடுக்கிறார்களே என்று மனம் நோக வேண்டாம். அவர் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. அவருடைய மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவதும் கூடாது.

இந்தப் பக்கத்தை நோயாளி மட்டும் படித்தால் போதாது. சமைக்கிறவர், மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் எல்லாரும் படிக்க வேண்டும். கண் மங்கிய தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டட்டும். இனி வாசலில் நின்று "எலி மருந்தாமே" என்று யாராவது கேட்டால், "ஆமாம், அளந்து சாப்பிடுகிறோம்" என்று சொல்லி, நாட்காட்டியில் போட்ட கோடுகளைக் காட்டுங்கள்.

அடுத்த இதழில், பிள்ளைகளின் தொண்டை வலியை அலட்சியம் செய்தால் அது எப்படி இருதய வால்வு வரை போகிறது என்பதைப் பார்ப்போம்.

நலமே விளைக.